கர்னல் துரையின் வாழ்க்கையை எழுதப் போனவர்

செண்பகத்தோப்பு பங்களா,
12 நவம்பர் 1900

அன்பு சௌதாவுக்கு,

உன்மீதும் நம் மகள் அசீனாமீதும் ஆண்டவனுடைய சலாம் உண்டாவதாக. வந்து சேர்ந்தேன். பால்பாண்டியின் கரிவண்டியில் ஏறி வந்ததில் வெள்ளைச் சட்டை கறுத்துப் போயிற்று. கர்னல் துரை என்னைப் பார்த்ததும் சமையல்காரர் தங்கச்சாமியைக் கூப்பிட்டு, எழுதுவதற்கு முன்ஷி வேண்டும் என்று சொன்னால் கரிக்காரனை அனுப்பியிருக்கிறார்களே என்று சத்தம் போட்டார். நான் பட்டாளத்து இந்துஸ்தானியில் சலாம் சொன்னேன். மனிதர் முகமே மாறிவிட்டது. பாளையங்கோட்டைப் பட்டாளத்தில் என் அத்தா ஹவில்தாராக இருந்தது வீண்போகவில்லை. அந்தப் பாஷையைக் காதால் கேட்டே வெகுகாலம் ஆயிற்றாம். என்னை உட்காரச் சொன்னார், நாற்காலியில். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவனுக்கு இந்த மரியாதையை யார் கொடுத்தார்கள்?

துரையைப் பற்றி நீ கேட்பாய். வயது எழுபதுக்கு மேல். சீமையில் பெரிய மிராசு. மூத்த பிள்ளை என்பதால் நிலமெல்லாம் இவருக்கே வந்ததாம். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் பதவியை விலை கொடுத்து வாங்கினாராம். அந்தக் காலத்தில் அவர்களுக்குள் அப்படித்தானாம். அபிசீனியாவில் சண்டை போட்டார், காபூலில் சண்டை போட்டார். பிறகு பார்லிமெண்டு சபையில் உட்கார்ந்தார். அடுத்த தேர்தலில் தோற்றுப்போய், மனம் கசந்து, இங்கே மலையடியில் காடும் நிலமும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வேட்டையைப் பற்றி இரண்டு புத்தகம் போட்டிருக்கிறார்.

இப்போது தன் வாழ்க்கையைப் புத்தகமாக்கப் பார்க்கிறார். சீமையில் அச்சுப்போடுகிறவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் தமிழில் போடப் போகிறாராம். பண்ணையாட்கள் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினால் எழுந்து போக மாட்டார்கள் அல்லவா? பாவம் அவர்கள். அவர் இந்துஸ்தானியில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுத வேண்டும். ஒரு மாதத்து வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் வந்த முன்ஷி பாதியில் ஓடிவிட்டானாம். அதனால் புத்தகம் முடியாமல் இந்தப் பங்களாவின் வெளிவாசலைத் தாண்டுவதில்லை என்று அல்லாஹ்வின்மீது ஆணையாகச் சொல்லச் சொன்னார். நானும் சொல்லிவிட்டேன். ஒரு மாதம்தானே. நோன்புப் பெருநாளுக்கு வீட்டில் இருப்பேன். பெருநாள் கழிந்த மாதம் அசீனாவின் நிக்காஹ். எல்லாம் சரியாக வரும், பயப்படாதே.

அல்லா பிச்சை

*

ராஜபாளையம்,
21 நவம்பர் 1900

என் மகளின் அத்தா அவர்களுக்குச் சௌதா சலாம் சொல்லி எழுதுவது.

பால்பாண்டி உங்கள் கடிதத்தைக் கரி மூட்டைக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தான். பாதி எழுத்தைத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது. நான் சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் கற்ற அரபு எழுத்திலேயே தமிழை எழுதுகிறேன். பங்களாவில் எவராவது பிரித்துப் பார்த்தாலும் தலைகீழாகத்தான் பிடிப்பார்கள்.

நாற்காலியில் உட்காரச் சொன்னாராம், உடனே ஆணையிட்டுக் கொடுத்துவிட்டீர்களாம். உங்கள் வாய் எப்போதும் உங்களுக்கு முன்னால் ஓடும். என்னைப் பெண்பார்க்க வந்த அன்றும் இப்படித்தான், என் அத்தா கேட்காததற்கெல்லாம் வாக்குக் கொடுத்தீர்கள். ஒரு மனிதர் தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினால் ஒரு மாதத்தில் முடிப்பாரா? நம் தெருவில் யாராவது தன் மாட்டுக்கு வந்த சீக்கைச் சொல்லத் தொடங்கினாலே பொழுது போய்விடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சம்பந்தி சேக் முகைதீன் ராவுத்தர் நேற்று என் தம்பியின் கடைக்கு வந்திருந்தார். நிக்காஹ்வில் பெண்ணைப் பெற்றவர்தான் உட்கார்ந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுக்க வேண்டும், அதில் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தகப்பன் உயிரோடு இருக்கும்போது தாய்மாமன் உட்கார்ந்தால் ஊர் பேசுமாம். நீங்கள் பங்களாவில் இருப்பது அவருக்கு ஏற்கனவே எட்டியிருக்கிறது. தோல் மண்டி வைத்திருக்கிறவருக்கு நாலு ஊர்ச் செய்தியும் தானாக வந்து சேருகிறது.

அசீனா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் சாயங்காலம் கரிவண்டிச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசற்படிக்குப் போகிறாள். மாப்பிள்ளை அப்துல் ஹமீதை அவளுக்குப் பிடித்திருக்கிறது, எனக்கும்தான். இந்தச் சம்பந்தம் தவறினால் இன்னொன்றைத் தேட எனக்குத் தெம்பில்லை. சாவைத் தவிர மற்றதையெல்லாம் துரையைச் சீக்கிரம் சொல்லி முடிக்கச் சொல்லுங்கள்.

சௌதா

*

செண்பகத்தோப்பு,
9 டிசம்பர் 1900

சௌதா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீ சொன்னதுதான் நடக்கிறது.

துரை பிறந்தது, வளர்ந்தது, குதிரையிலிருந்து விழுந்தது எல்லாம் எழுதியாயிற்று. அபிசீனியாவுக்குப் பம்பாயிலிருந்து யானைகளைக் கப்பலேற்றி, பீரங்கியை அவற்றின் முதுகில் வைத்து மலையேற்றியதைச் சொன்னார். அருமையான கதை. நம் அசீனாகூட வாய் பிளந்து கேட்பாள். காபூலில் பனியில் ஆட்கள் விரல் கறுத்துச் செத்ததைச் சொன்னார். பிறகு சபைக்கு வந்தார். அங்கே ஒரே ஒரு நாள்தான் எழுந்து பேசினாராம். பேசத் தொடங்கியபோது மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்களாம். அதற்கு அடுத்தது தேர்தல், தோல்வி. அந்த இடத்துக்கு வந்தால் மனிதர் மறித்த மாடுபோல நின்றுவிடுகிறார். ஜன்னலைப் பார்க்கிறார். மறுநாள் காலையில், "முன்ஷி, முதல் அத்தியாயம் சரியில்லை" என்று தொடங்குகிறார். மறுபடி பிறக்கிறார். இதுவரை மூன்று தடவை பிறந்துவிட்டார்.

முந்தாநாள் துணிந்து கேட்டேன், ஹுஜூர், இந்தப் புத்தகம் எங்கே முடிகிறது என்று. என்னை விசித்திரமாகப் பார்த்து, "என் வாழ்க்கை நான் இருக்கும்போதே எப்படி முடியும்?" என்றார். நான் ஆணையிட்டபோது இதை யோசிக்கவே இல்லை, சௌதா.

வெளிவாசலுக்குக் காவல் கிடையாது. கதவு திறந்தே கிடக்கிறது. ஆடுகள் உள்ளே வந்து வெளியே போகின்றன. தங்கச்சாமி வாரத்துக்கு ஒருமுறை மம்சாபுரத்தில் அவர் வீட்டுக்குப் போய் வருகிறார். மாடியிலிருந்து பார்த்தால் ஆண்டாள் கோவில் கோபுரம் தெரிகிறது, அதற்குத் தெற்கே ராஜபாளையம் இருக்கும் திசையில் அடுப்புப் புகை தெரிகிறது. சாயங்காலம் வாசல் வரைக்கும் நடந்துபோய், அங்கே இரண்டு கல்தூணுக்கு நடுவே நின்று, திரும்பி வந்துவிடுகிறேன். கட்டிப்போட்டிருந்தால் கயிற்றையாவது குறை சொல்லலாம். வாயால் சொன்ன ஒரு வார்த்தையை நான் எங்கே போய் அறுப்பது? நோன்பு பிறக்கப் போகிறது. உன் கையால் காய்ச்சிய கஞ்சியை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அல்லா பிச்சை

*

ராஜபாளையம்,
3 ஜனவரி 1901

என் மகளின் அத்தாவுக்கு,

கயிற்றை அறுத்துவிட்டேன். முழுதும் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் தம்பியைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் ஹஸ்ரத் வீட்டுக்குப் போனேன். திரைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து நானே கேட்டேன். அவர் வேலூரில் ஓதியவர், எதையும் பட்டென்று சொல்ல மாட்டார். யோசித்துவிட்டுச் சொன்னார்: "பெத்த மகளுக்குச் செய்ய வேண்டியதைத் தடுக்குற ஆணையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கக்கூடாதும்மா. முறிச்சுட்டு, பத்து ஏழைக்கு ரெண்டு வேளை வயிறாரச் சோறு போடச் சொல்லு. அதுதான் பரிகாரம்." ஆணைக்குக் கதவு உண்டு என்று நமக்கு இத்தனை நாளாகத் தெரியாமல் போயிற்றே. நீங்களும் யாரிடமும் கேட்கவில்லை.

நோன்பு மாதத்தில் ஏழைகளைப் பிடிப்பது கஷ்டம், எல்லா வீட்டிலும் கூப்பிடுகிறார்கள். இரண்டு வேளையும் அதே பத்துப் பேராக இருக்க வேண்டுமாம். நோன்பு திறக்க வந்தவர்களை விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கும் வரச்சொல்லி, ஒருவரும் தப்பிவிடாமல் தம்பி நம் வீட்டு முன்னறையிலேயே பாயை விரித்துப் படுக்கவைத்தான். ஒரு ஆள் குறைந்தது. பஞ்சுக்கிடங்கில் கூட்டுகிற இருளம்மாள் வாசலில் நின்றாள். "நான் நோம்பு கிடையாதே தாயி, பசிதான் கிடக்கு" என்றாள். ஹஸ்ரத்திடம் ஆளனுப்பிக் கேட்டேன், பசியில் வேற்றுமை கிடையாது என்று சொல்லிவிட்டார். அவளும் சாப்பிட்டாள். இன்னொருவர் கறியில் உப்பு பத்தவில்லை என்றார். அவருக்குத் தனியாக உப்பு வைத்தேன்.

அசீனா கையிலிருந்த வளையலைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு சோறு வடித்தாள். "அத்தா பெருநாளைக்கு வந்துருவாகள்ல?" என்று கேட்டாள். வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் கழுத்தில் இப்போது ஒன்றும் இல்லை. பால்பாண்டி இந்தக் கடிதத்தோடு வருகிறான், அவன் வண்டியிலேயே ஏறி வாருங்கள்.

சௌதா

*

செண்பகத்தோப்பு,
10 ஜனவரி 1901

அன்பு சௌதாவுக்கு,

நீ பட்ட பாட்டை நினைத்து மனம் உருகினேன். உப்பு கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் ஹனபி மத்ஹபுக்காரர்கள். நம்முடைய சட்டப்படி ஆணை முறிந்த பிறகுதான் பரிகாரம். முறிவதற்கு முன்னால் போட்ட சோறு வெறும் தர்மம்தான். ஹஸ்ரத்தும் முறித்துவிட்டுப் போடச் சொல் என்றுதானே சொல்லியிருக்கிறார்? அதோடு ஆணையிட்டவன் நான். என் சம்மதம் கேட்காமல் நீ போட்டது எப்படி என் கணக்கில் சேரும் என்றும் யோசனையாக இருக்கிறது. மார்க்க விஷயத்தில் அவசரப்படக் கூடாது.

துரை இப்போது மிகவும் தளர்ந்துவிட்டார். இந்த நிலையில் நான் எழுந்து வந்தால் அது மனிதத்தன்மையாகவும் இருக்காது. நீயே யோசித்துப் பார். பெருநாளைக்கு வர முடியாது போலிருக்கிறது. நிக்காஹ்வுக்கு உன் தம்பி என் இடத்தில் உட்காரட்டும். எனக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்பிவைக்கிறேன், மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டு. அசீனாவிடம் பக்குவமாகச் சொல்.

இங்கே குளிர் அதிகம். கம்பளி கொடுத்திருக்கிறார்கள்.

அல்லா பிச்சை

*

ராஜபாளையம்,
25 ஜனவரி 1901

அசீனாவின் அத்தாவுக்கு,

பெருநாள் போயிற்று. மறுநாள் மகாராணி இறந்த செய்தி வந்து கடைகளைச் சாத்தினார்கள். நம் வீட்டில் அதற்கு முந்தைய நாளே சத்தம் இல்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்களுக்கு இவ்வளவு மார்க்கச் சட்டம் தெரியும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறவர் நீங்கள். அதனால் பால்பாண்டியை உட்காரவைத்து விசாரித்தேன். தங்கச்சாமி அவனிடம் சொன்னதை மென்று முழுங்கிச் சொன்னான். "துரைக்கு அந்தச் சத்தியமே ஞாபகம் கெடையாதாம் தாயி. ஒருநா லீவு கேட்டா போயிட்டு வாம்பாராம். முன்ஷி ஐயாதான் இன்னும் கேக்கவே இல்லையாம்."

நீங்கள் கேட்கவே இல்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அடைபட்டுக் கிடக்கிறீர்கள் என்று நான் பத்துப் பேருக்குச் சோறு போட்டேன். அடைபட்டிருப்பது நானும் பெண்ணும்தான். இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்லுகிறோம்.

உங்கள் கையெழுத்துக் கடிதம் செல்லாது. நீங்கள் பெருநாள் தொழுகைக்குக்கூட வராததால், வேதத்தில் சேர்ந்துவிட்டீர்கள், துரை ஞானஸ்நானம் கொடுத்து வைத்திருக்கிறார் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கப் பேச்சு. சம்பந்தி நேரில் வந்து சொல்லிவிட்டார். "அவிய முகத்தைப் பாக்கணும், கலிமா சொல்லி ஒப்புக்கொடுக்குறதை என் காதால கேக்கணும். இல்லேன்னா பேச்சை இதோட விட்டுருவோம்." அசீனா உள்ளறையில் இருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அதனால் நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். நீங்கள் வாசலைத் தாண்ட வேண்டாம். நிக்காஹ் வாசலுக்கு வரும். பிப்ரவரி பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரும் ஹஸ்ரத்தும் நாங்களும் வருகிறோம். வாசலுக்கு வெளியே மாப்பிள்ளைக்குப் பாய், உள்ளே உங்களுக்குப் பாய். கையை மட்டும் நீட்டுங்கள். சம்பந்திக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஆனால் ஆணையைக் காப்பாற்றுகிற மனிதர் மார்க்கத்தை விட்டிருக்க மாட்டார் என்று ஹஸ்ரத் எடுத்துச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். இதற்கும் சட்டம் ஏதாவது கண்டுபிடிக்காதீர்கள்.

சௌதா

*

செண்பகத்தோப்பு,
30 ஜனவரி 1901

சௌதா,

வாருங்கள். நான் வாசலில் இருப்பேன்.

நீ கண்டுபிடித்துவிட்டாய். மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

துரைக்கு ஞாபகம் அற்றுப்போய்க்கொண்டிருக்கிறது. நோன்பு தொடங்கிய சமயம் ஒருநாள் காபூல் சண்டையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நின்று என்னைப் பார்த்து, "அப்புறம் என்ன ஆச்சு, முன்ஷி?" என்று கேட்டார். முதலில் பயந்துபோனேன். பிறகு சொன்னேன். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஆமாம், அப்படித்தான், என்றார். அன்றிலிருந்து அவர் கேட்கிறார், நான் சொல்கிறேன். சபையில் அவர் பேசிய நாளை நான் எழுதினேன். ஒருவர்கூடச் சாப்பிடப் போகவில்லை, அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வாசித்துக் காட்டியபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மகாராணி இறந்த செய்தி வந்த அன்று பழைய பட்டாளச் சட்டையைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றார், பொத்தான் மாட்டவில்லை. அன்றைக்கும் நான்தான் அவருக்குச் சொன்னேன், ராணி அவரைத் தனியே கூப்பிட்டு ஒருமுறை பேசியிருக்கிறாள் என்று. குழந்தைபோலத் தூங்கினார்.

சௌதா, நான் இருபது வருஷமாக மற்றவர்களுடைய வாய்க்காலுக்கும் வரப்புக்கும் மனு எழுதினேன். "தங்கள் பணிவுள்ள" என்று அடியில் போட்டுப் போட்டு என் கை கூனிவிட்டது. இங்கே ஒரு கர்னல், ஒரு மிராசுதார், சபையில் உட்கார்ந்தவர், அடுத்து தன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள என் வாயைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இதை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஆணை எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

தேர்தல் தோல்வியைத் தாண்டிவிட்டோம். தோற்று வீட்டுக்கு வந்தபோது தனக்காக யாராவது காத்திருந்தார்களா என்று கேட்டார். அவருடைய துரைசாணி எப்போதோ பிரிந்து போனவள். காத்திருந்தாள் என்று நான் எழுதினேன். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசற்படிக்கு வருவாள் என்று எழுதினேன். கோபக்காரி, வாய் நீளம், ஆனால் காத்திருப்பாள். உன்னை வைத்துத்தான் எழுதினேன். அந்தப் பக்கங்கள்தான் புத்தகத்திலேயே நன்றாக வந்திருக்கின்றன. ஒருநாள் உனக்கு வாசித்துக் காட்டுவேன்.

அல்லா பிச்சை

*

ராஜபாளையம்,
14 பிப்ரவரி 1901

அசீனாவின் அத்தாவுக்கு,

பெண் ஸ்ரீவில்லிபுத்தூரில் சுகமாக இருக்கிறாள். மாப்பிள்ளை நேற்று அவளைக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போனார். அவள் சிரித்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. சம்பந்தி உங்களைப் பற்றிப் போகிற இடமெல்லாம் புகழ்கிறார். இந்தக் காலத்தில் சொன்ன சொல்லுக்காக வாசலைத் தாண்டாத மனிதர் உண்டா என்கிறார். நான் தலையாட்டிக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத இரண்டு விஷயம் இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலாவது. நிக்காஹ் முடிந்து துஆ ஓதியதும் மாப்பிள்ளை உங்களைக் கட்டித்தழுவ எழுந்தார். நீங்களும் எழுந்தீர்கள். உங்கள் கண் நிறைந்திருந்தது, அதனால் கீழே பார்க்கவில்லை. நான் வண்டித் திரைக்குள்ளிருந்து பார்த்தேன். உங்கள் இரண்டு காலும் கல்தூணுக்கு வெளியே இருந்தன. மாப்பிள்ளையின் பாயில் நின்றுகொண்டிருந்தீர்கள். இப்படியே நடந்து வண்டிக்கு வந்துவிடுவார் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். உள்ளே துரை உங்களைக் கூப்பிடும் மணி அடித்தது. நீங்கள் திரும்பி ஓடினீர்கள்.

ஆணை முறிந்துவிட்டது. மறதியாக முறிந்தாலும் முறிந்ததுதான் என்று ஹஸ்ரத் சொல்லிவிட்டார். அதனால் நேற்று மறுபடியும் பத்துப் பேருக்கு இரண்டு வேளையும் சோறு போட்டேன், இந்தத் தடவை முறிந்த பிறகு, உங்கள் சட்டப்படியே. உங்கள் சம்மதம் வேண்டுமென்றால் இப்போது கொடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது. மணி அடித்துவிட்டுத் துரை வராந்தாவுக்கு வந்து, எங்களைக் காட்டி உங்களிடம் இந்துஸ்தானியில் ஏதோ கேட்டார். நீங்கள் கைகட்டி நின்று ஏதோ பதில் சொன்னீர்கள். அவர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆசீர்வதிப்பதுபோல் அசைத்தார். நான் சந்தோஷப்பட்டேன், நம்மைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் என்று. திரும்பும்போது வண்டியில் அது என்ன பேச்சு என்று ஹஸ்ரத்திடம் நான் கேட்டேன். "அதை எங்கிட்டக் கேக்காதம்மா" என்றார். விடாமல் கேட்டேன். வேலூரில் ஓதியவருக்கு இந்துஸ்தானி தெரியும் என்பது உங்களுக்கு மறந்துபோயிற்று.

"யார் இவர்கள்?" என்று துரை கேட்டாராம். "பண்ணையாட்கள், ஹுஜூர். கல்யாணத்துக்கு ஆசி கேட்டு வந்திருக்கிறார்கள்" என்று சொன்னீர்களாம்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அவருக்குப் புரியாது, நீளமாகச் சொல்ல நேரமில்லை, ஏதாவது ஒன்றைச் சொல்வீர்கள். அழகாகவும் சொல்வீர்கள். நான் அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதேன், அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் கழுத்தில் இப்போது ஆணை இல்லை. பெண்ணுக்குச் செய்ய வேண்டிய கடமையும் முடிந்தது. நானும் உங்களைக் கூப்பிடவில்லை. உங்கள் புத்தகத்தில் இருக்கிற துரைசாணி காத்திருக்கட்டும், அவளுக்கு வேறு வேலை இல்லை. நீங்கள் வீட்டில் மனு எழுத உட்காருகிற முன்னறையை ஒரு தையல்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். நாளைக்கு மிஷினைக் கொண்டுவந்து இறக்குகிறார். வருவதாக இருந்தால் முன்னதாக எழுதிக் கேளுங்கள்.

சௌதா

*

செண்பகத்தோப்பு,
9 மார்ச் 1901

சௌதாவுக்கு,

துரை போன செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துவிட்டார். காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பிறந்த அத்தியாயத்தை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் காது இல்லாத ஒருவருக்கு வாசித்தேன் என்று தெரியவில்லை. தங்கச்சாமி வந்து பார்த்துத்தான் சொன்னார்.

மருமகன் ஒருவர் மதராஸிலிருந்து வந்திருக்கிறார், சின்ன வயது. காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இது என்ன பாஷை என்று கேட்டார். சொன்னேன். தலைகீழாகப் பிடித்திருந்தார். கட்டிவைத்துவிட்டு, நீ போகலாம் என்றார். பங்களாவை விற்கப்போகிறார்கள்.

நீ எழுதியதற்கெல்லாம் பதில் எழுதி எழுதிப் பார்த்தேன், எல்லாம் அழகாக வந்தது, கிழித்துவிட்டேன். அன்று நான் சொன்னது நீ கேள்விப்பட்டதுதான். ஹஸ்ரத் ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

பால்பாண்டி வண்டியோடு வாசலில் நிற்கிறான். ஏறச் சொல்லுகிறான். நீ கேட்கச் சொல்லியிருக்கிறாய், அதனால் கேட்கிறேன். நான் வரலாமா? இந்தக் கடிதத்தை மட்டும் அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதில் வரும் வரைக்கும் இங்கேயே இருக்கிறேன்.

அல்லா பிச்சை